லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் வேலையிலிருந்து கல்லூரி ஆசிரியர் பணிக்கு மாறலாமா?

நன்மங்கலத்தான் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். வயது 36. பி.ஆர்க். முடித்து, எம்.ஆர்க். லேண்ட்ஸ்கேப் (தோட்டம், திறந்தவெளி வடிவமைப்பு) படித்து, சென்னையில் ஒரு நடுத்தர அலுவலகத்தில் பத்து வருடத்துக்கு மேல் வேலை பார்க்கிறேன். அடுக்குமாடி வளாகங்கள், ஐ.டி. பார்க்குகள், ஒரு ஏரிக்கரை நடைபாதை என்று பலவற்றிலும் கை வைத்தாயிற்று.

ஓ.எம்.ஆர். பக்கம் ஓர் ஆர்க்கிடெக்சர் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக வரச் சொல்கிறார்கள். மனம் அந்தப் பக்கம் சாய்கிறது. அலுவலகத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் ரெண்டர் (கணினியில் நிஜம்போன்ற படம்) பிரமாதமாகச் செய்கிறார்கள். ஆனால் ஒரு நடைபாதைக்கு லெவல் (தரைமட்டம்) போடச் சொன்னால் திணறுகிறார்கள். அவர்களை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கும் நேரம்தான் நாள் முழுவதிலும் எனக்கு நிறைவாக இருக்கிறது.

தயக்கம் மூன்று. சம்பளம் எவ்வளவு அடிபடும்? (வீட்டுக் கடன் இருக்கிறது, மனைவியும் வேலைக்குப் போகிறார்.) இரண்டாவது, படித்த கோட்பாடெல்லாம் மறந்துவிட்டது. எனக்குத் தெரிந்தது பி.ஓ.கியூ. (வேலை, பொருள் அளவுப் பட்டியல்) போடுவதும், கான்ட்ராக்டரிடம் மல்லுக்கட்டுவதும், நர்சரியில் மரம் பொறுக்குவதும்தான். இதை வைத்துக்கொண்டு வகுப்பில் என்ன சொல்லிக்கொடுப்பது? மூன்றாவது, களத்தை விட்டு விலகினால் சில வருடங்களில் நானும் பழைய நோட்டைப் பார்த்துப் படிக்கும் ஆசிரியராகிவிடுவேனோ? இந்தப் பாதையில் போனவர்கள் சொல்லுங்கள்.

வெட்டிவேர்

சொந்த அலுவலகம் நடத்திக்கொண்டே வாரம் ஒரு நாள் விசிட்டிங் ஃபேகல்ட்டியாகப் போகிறவன் நான். உடனே வேலையை விட வேண்டாம். ஒரு செமஸ்டர் ஸ்டுடியோ (வடிவமைப்பு வகுப்பு) எடுத்துப் பாருங்கள். காலை முதல் மாலை வரை நாற்பது பேரின் ஷீட்டைப் பார்த்து, நாற்பது பேருக்கும் வேறு வேறு பதில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வரும்போது சைட்டில் வெயிலில் நின்றதைவிட அலுப்பாக இருக்கும். அந்த அலுப்பு பிடித்திருந்தால் முழுநேரமாகப் போங்கள்.

விசிட்டிங்கில் காசு மணிக்கணக்கில்தான். அதுவும் செமஸ்டர் முடிந்து, பில் சுற்றி வந்து, கைக்குக் கிடைக்க நாளாகும். அதை நம்பி மாதத் தவணைக் கணக்குப் போடாதீர்கள்.

புங்கமரத்தடி

தம்பி, ஏறத்தாழ இருபது வருடம் களத்தில் இருந்துவிட்டு 2014ல் கல்லூரிக்கு வந்தவள் நான். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். உங்கள் இரண்டாவது தயக்கத்திலிருந்து தொடங்குகிறேன், மற்ற இரண்டும் அதைப் பொறுத்தவை.

கட்டடத்தை முடித்துச் சாவி கொடுக்கும் நாளில் அந்தக் கட்டடம் அதன் முழு அழகில் நிற்கும். நம் வேலை அன்றைக்கு இடுப்பளவு செடியாக நிற்கும். புங்கன் ஒரு பெஞ்சுக்கு நிழல் தர ஆறேழு வருடம் ஆகும். அதற்குள் ஒரு வருடப் பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்து, குடியிருப்போர் சங்கம் மாறி, தோட்டக்காரர் மாறி, யாரோ ஒருவர் "இலை கொட்டுகிறது" என்று புகார் சொல்லிக் கிளையை மொட்டையடித்திருப்பார். இதையெல்லாம் திரும்பப் போய்ப் பார்த்தவருக்குத்தான் அடுத்த வரைபடத்தில் எதை எங்கே வைக்க வேண்டும் என்பது தெரியும். மாணவர்களுக்கு அந்த வாய்ப்பே கிடையாது. ஒரு டிசைனை ஜூரியில் (மதிப்பிடும் குழு முன்) வைத்து, மதிப்பெண் வாங்கி, ஷீட்டைச் சுருட்டிவிடுகிறார்கள். ஏழு வருடம் கழித்து அது என்ன ஆகும் என்று வகுப்பில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். பத்து வருடமாக ஒரே ஊரில் வேலை பார்த்த நீங்கள் அந்த ஆள்.

வேலையில் சேரும் முன் உங்கள் பழைய சைட்டுகளுக்கு ஒரு சுற்றுப் போய் வாருங்கள். எந்த மரம் பிழைத்தது, எதை வெட்டினார்கள், எங்கே மக்கள் புல்தரையைக் குறுக்கே மிதித்துத் தாங்களே பாதை போட்டுக்கொண்டார்கள், எந்தக் கேட்ச் பிட் (மழைநீர் இறங்கும் தொட்டி) மண்ணடைத்துக் கிடக்கிறது, போடியம் (பார்க்கிங் தளத்தின் கூரை) மேல் வைத்த மரம் எந்த உயரத்தோடு நின்றுவிட்டது. வரைபடத்தை ஒரு கையிலும் போனை மறு கையிலும் வைத்துப் படமெடுங்கள். உங்கள் முதல் வருடப் பாடத்துக்கு அது தாராளமாகப் போதும். கோட்பாடு மறந்துவிட்டதென்று கவலைப்படுகிறீர்கள். அதை ஒரு கோடை விடுமுறையில் மறுபடி படித்துவிடலாம். இதைப் படித்து வாங்க முடியாது.

நான் வகுப்பில் எப்படிச் செய்கிறேன் என்று இரண்டு எடுத்துக்காட்டு சொல்கிறேன்.

2016 டிசம்பர் 12ல் வர்தா புயல் அடித்தது உங்களுக்கு நினைவிருக்கும். கல்லூரி திறந்ததும் நான்காம் ஆண்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு விழுந்து கிடந்த சாலையோர மரங்களின் வேரை அளக்கப் போனேன். நாங்கள் பார்த்த தெருக்களில் குல்மோகரும் பெருங்கொன்றையும்தான் அதிகம் சாய்ந்திருந்தன. ஒரு பெருங்கொன்றை வேரோடு பெயர்ந்து காம்பவுண்டுச் சுவர்மேல் படுத்திருந்தது. ஒரு பக்கம் தார்ச்சாலை, மறுபக்கம் மழைநீர் வடிகாலின் கான்கிரீட் சுவர், நடுவில் இருந்த மண் இரண்டரை அடி அகலம். வேர் இரண்டு பக்கமும் கத்தியால் நறுக்கியதுபோல நேர்கோட்டில் நின்றிருந்தது. மேலே முப்பது அடிக்குக் குடை. ஒரு மாணவி டேப்பைப் பிடித்தபடியே கேட்டாள்: "மேடம், நாமும் டிராயிங்கில் ட்ரீ பிட் (மரக்குழி) ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர்தானே போடுகிறோம்?"

அன்றிலிருந்து என் ஸ்டுடியோவில் ஒரு விதி உண்டு. பிளானில் மரத்துக்கு ஒரு வட்டம் போட்டால் செக்‌ஷனில் (குறுக்குவெட்டு வரைபடத்தில்) அதன் வேர் போகும் மண்ணையும் காட்ட வேண்டும். பக்கத்தில் எந்தக் குழாய் போகிறது, எந்தச் சுவர் வருகிறது, இருபது வருடத்தில் அடிமரம் எவ்வளவு பருக்கும், எல்லாம் அதில் வர வேண்டும். பேஸ்மென்ட் கூரை மேல் மரம் வைக்கிறவர்கள் எடையையும் எழுத வேண்டும். நனைந்த மண் ஒரு கன மீட்டர் இரண்டு டன்னை நெருங்கும். ஒரு மீட்டர் ஆழம் என்று கேட்டால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஏன் முகம் சுளிக்கிறார் என்பது அவர்களே கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் புரிகிறது.

இன்னொன்று கான்டூர், அதாவது ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைக்கும் கோடு. நீங்கள் சொன்ன லெவல் பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது. பிள்ளைகள் கான்டூர் கோட்டைக் கணினியில் அழகாக வளைத்துப் போடுவார்கள். அது தரையில் எங்கே ஓடுகிறது என்று கேட்டால் விழிப்பார்கள். மொபைலையும் லேப்டாப்பையும் வகுப்பிலேயே வைத்துவிட்டு வரச் சொல்வேன். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்), மரமுளை, கயிறு, ஒரு மூட்டை சுண்ணாம்புத்தூள், இவ்வளவுதான் சாமான். கட்டடத்தின் பிளிந்தில் (அடித்தள மேடையில்) ஒரு குறி போட்டு, குழாயின் ஒரு முனையை அங்கே ஒருவர் பிடிப்பார். மறுமுனையைக் குச்சியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு இன்னொருவர் சரிவில் மேலும் கீழும் நகர்வார். குச்சியில் குறித்த இடத்துக்குத் தண்ணீர் வந்து நிற்கும் இடத்தில் ஒரு முளை. அதே மட்டத்தில் அடுத்த முளை. முளைகளைச் சுண்ணாம்புக் கோட்டால் இணைத்தால் ஒரு கான்டூர். பிறகு கால் மீட்டர் இறங்கி அடுத்தது. குழாயில் ஒரு காற்றுக்குமிழி நின்றாலும் மட்டம் பொய் சொல்லும். அதைத் தட்டித் தட்டி வெளியேற்றக் கற்றுக்கொள்ளவே முதல் அரைமணி போய்விடும்.

நாலைந்து கோடு விழுந்ததும் மேட்டிலிருந்து ஹோஸ் பைப்பைத் திறந்துவிடுவேன். தண்ணீர் சுண்ணாம்புக் கோட்டைச் செங்குத்தாக வெட்டிக்கொண்டு இறங்குவதைக் கண்ணால் பார்ப்பார்கள். கோடுகள் நெருங்கிய இடத்தில் வேகமாக ஓடி மண்ணை அரிக்கும். கோடுகள் விலகிய இடத்தில் பரவி நிற்கும். பல வருடம், மாணவர்கள் தங்கள் டிசைனில் உட்காரும் திட்டு வைத்த அதே இடத்தில்தான் தண்ணீர் தேங்கியிருக்கிறது. நான் எதுவும் சொல்லத் தேவைப்படுவதில்லை. டிராயிங்கைத் தாங்களே மாற்றிக்கொண்டு வருவார்கள்.

அதே கையோடு மழைக் கணக்கையும் போட வைப்பேன். ஒரு ஏக்கரில் 100 மி.மீ. மழை பெய்தால் நாலு லட்சம் லிட்டர் தண்ணீர். 12,000 லிட்டர் லாரியில் ஏற்றினால் முப்பத்து மூன்று லாரிக்கு மேல். சென்னைக்கு வருடத்தில் சராசரியாக 1,400 மி.மீ. அளவுக்கு மழை, அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழையில். 2015 டிசம்பரில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த பிள்ளைகள் வகுப்புக்கு ஓரிருவராவது இருப்பார்கள். அவர்கள் பேசத் தொடங்கினால் பாடம் தானாக நடக்கும். பிறகு ஏதாவது ஓர் ஏரிக்குக் கூட்டிப்போய் வரத்துக்கால், மதகு, கலங்கல் (மிச்ச நீர் வழிந்து போகும் இடம்) மூன்றையும் நடந்தே பார்க்க வைப்பேன். பரவிக் கிடக்கும் நீரை ஒரு மண்கரையால் தாங்கி, மிச்சத்தை அடுத்த ஏரிக்கு அனுப்பும் அந்த ஏற்பாட்டை வரைந்து காட்டச் சொல்வேன். நாம் பயோஸ்வேல் (மழைநீரை வடிகட்டும் செடி வாய்க்கால்), டிடென்‌ஷன் பாண்ட் (மழைநீரைத் தற்காலிகமாகத் தேக்கும் குளம்) என்று சொல்லிக்கொடுக்கும் பலவற்றின் அடிப்படையும் அங்கே இருக்கிறது.

கால அட்டவணை முக்கியம். ஜூலையில் தொடங்கும் செமஸ்டரின் பின்பாதியில் மழை வரும். நீர், சரிவு, வடிகால் எல்லாம் அதில் வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் தொடங்குவதில் இலையுதிர்வும் பூவும் வரும். செடி சார்ந்த பாடம் அதில். ஒவ்வொருவருக்கும் ஒரு மரத்தைக் கொடுத்து வாராவாரம் வரையச் சொல்லுங்கள். புங்கன் இலையைக் கொட்டிவிட்டுச் சில வாரங்களில் தளதளவென்று துளிர்ப்பதையும், வேம்பு சித்திரையை ஒட்டிப் பூப்பதையும், சரக்கொன்றை வெயில் உச்சத்தில் மஞ்சளாகத் தொங்குவதையும் ஒரு தடவை கையால் வரைந்தவர்கள், லூமியன் என்ற ரெண்டர் மென்பொருளின் நூலகத்தில் கிடைக்கிற மேப்பிள் மரத்தை வேளச்சேரி சைட்டில் கொண்டுபோய் வைக்க மாட்டார்கள்.

களத்தை விட்டால் பழைய நோட்டு ஆசிரியராகிவிடுவேனா என்று கேட்டீர்கள். இந்தியாவில் இந்தத் துறையை வளர்த்தவர்களில் பலர் இரண்டையும் சேர்த்தே செய்தவர்கள். டெல்லி எஸ்.பி.ஏ. என்ற கட்டடக்கலைக் கல்வி நிறுவனத்தில் வருடக்கணக்காக வகுப்பெடுத்த முகமது ஷாஹீர்தான் ஹுமாயூன் கல்லறைக்குப் பக்கத்துச் சுந்தர் நர்சரி என்ற பூங்காவையும் வடிவமைத்தவர். அவர் 2015ல் காலமானார். பூங்கா 2018ல் மக்களுக்குத் திறந்தது. டெல்லி போனால் அவசியம் பாருங்கள். முகலாயத் தோட்டத்தின் நடு அச்சை எடுத்துக்கொண்டு, அதை இன்றைய மக்கள் குடும்பத்தோடு வந்து சோற்று மூட்டையைப் பிரித்து உட்காரும் இடமாக மாற்றியிருக்கிறார். சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருந்தவருக்கு வரும் தெளிவு அதில் தெரிகிறது என்பது என் எண்ணம்.

இங்கேயே வேண்டுமென்றால் அடையாறு தொல்காப்பியப் பூங்கா. குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டிக் கிடந்த கழிமுகத்தில் 58 ஏக்கரை ஆரோவில்லின் பிச்சாண்டிக்குளம் குழுவினர் மீட்டெடுத்து 2011ல் திறந்தார்கள். இடிபாட்டை அள்ளி, நீர்ப்பரப்பை ஆழப்படுத்தி, இந்தக் கரையோரத்துக்கே உரிய வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காட்டு மரங்களை நட்டார்கள். என் மாணவர்கள் அங்கே பார்க்க வேண்டியது பூவையல்ல, மண்ணை. செத்துக் கிடந்த நிலத்தில் எதை முதலில் செய்தார்கள், எதை இரண்டாவதாகச் செய்தார்கள் என்ற வரிசையை.

இனி கசப்பானவை. பெரும்பாலான கல்லூரிகளில் ஐந்து வருட பி.ஆர்க்.கில் லேண்ட்ஸ்கேப்புக்கு ஒன்றிரண்டு தாள்தான். எம்.ஆர்க். லேண்ட்ஸ்கேப் இருக்கும் கல்லூரிகள் கொஞ்சம். அதனால் உங்களுக்கு முதலாம் ஆண்டு பேசிக் டிசைனும் எஸ்டிமேஷனும் வந்து விழும். நான் முதலில் சேர்ந்த கல்லூரியில் முதல் வருடம் முழுவதும் எனக்கு ஒரு லேண்ட்ஸ்கேப் வகுப்புகூடக் கொடுக்கவில்லை. அதற்காகவே வேறு கல்லூரிக்கு மாறினேன். நேர்காணலில் "எந்தெந்தத் தாள், வாரம் எத்தனை மணி" என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கீகாரக் கோப்பு வேலை மாலை நேரத்தை நிறையவே விழுங்கும். மேலே போகப் போக பிஎச்.டி. கேட்பார்கள்.

சம்பளம் எனக்கு ஏறத்தாழ பாதியானது. அதைச் சமாளிக்க இரண்டு பழைய வாடிக்கையாளர்களின் வேலையைக் கன்சல்டன்ட்டாக வைத்துக்கொண்டேன். வெளிவேலை செய்யலாமா என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். அதையும் எழுத்தில் வாங்குங்கள். அனுமதி இல்லாத கல்லூரி என்றால், என்னைக் கேட்டால் போகாதீர்கள். வருடத்துக்கு ஒரு சின்ன சைட்டாவது கையில் இருந்தால்தான் உங்கள் மூன்றாவது பயத்துக்கு இடமிருக்காது.

கோவை நாற்றங்கால்

வணக்கமுங்க. நான் கோவை வேளாண் பல்கலைக்கழகத்துல தோட்டக்கலை படிச்சுட்டு நர்சரி வெச்சிருக்கறவன். மேடம் சொன்னதோட ஒண்ணே ஒண்ணு சேத்துக்கறேனுங்க. பசங்களை நர்சரிக்குக் கூட்டிட்டு வாங்க.

ஆர்க்கிடெக்ட்டுங்க பி.ஓ.கியூ.ல "உயரம் 10 அடி, சுற்றளவு இத்தனை" அப்படின்னு எழுதறாங்க. வேரைப் பத்தி ஒரு வரி இருக்காதுங்க. பையிலயே ரொம்ப நாள் கெடந்த செடிய பிரிச்சுப் பார்த்தா வேர் உள்ளுக்குள்ளயே வட்டமா சுத்திக் கெடக்கும். அப்படியே நட்டா நாலஞ்சு வருசம் ஜோரா வளரும், ஒரு காத்துக்குப் படுத்துரும். சுத்தின வேரை நடறப்பவே பிரிச்சோ வெட்டியோ விடோணும். ஒரு பைய பசங்க கையிலயே குடுத்துக் கிழிச்சுப் பாக்கச் சொல்லுங்க.

அப்பறம் ஆந்திராவுல கடியத்துல இருந்து லாரியில பெரிய மரம் வருதுங்களே, அதோட வேர்ப்பந்து கோதாவரி வண்டல் களி. அதை நம்ம செம்மண்ணுல அப்படியே வெச்சா சுத்தி ஊத்தற தண்ணி செம்மண்ணுல எறங்கிப் போயிரும், பந்து உள்ள காஞ்சு கல்லாட்டம் நிக்கும். பந்து மேலயே தண்ணி நிக்கற மாதிரி பாத்தி கட்டோணும். தோட்டக்காரருக்கு இது தெரியும், டிராயிங் போடறவங்களுக்கும் தெரியோணும்.

ஒரு சந்தேகமுங்க. என்னைய மாதிரி ஆளுங்க லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட்னு போட்டுக்கலாமுங்களா?

புங்கமரத்தடி

நாற்றங்கால் ஐயா, கடியம் பந்து பற்றி எழுதியதை அப்படியே என் வகுப்புக் குறிப்பில் சேர்த்துக்கொள்கிறேன்.

உங்கள் சந்தேகத்துக்கு: 1972ம் வருட ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டம் "ஆர்க்கிடெக்ட்" என்ற பட்டத்தைப் பதிவு செய்தவர்களுக்கு மட்டும் என்று வைக்கிறது. ஆனால் அதன் 37வது பிரிவு லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட்டையும் கப்பல் வடிவமைக்கும் நேவல் ஆர்க்கிடெக்ட்டையும் அந்தத் தடையிலிருந்து விலக்கியிருக்கிறது. செடி, மரம், திறந்தவெளி வடிவமைப்பு என்று விளக்கமும் கொடுத்திருக்கிறது. பட்டத்துக்குத் தடையில்லை என்பதால் பொறுப்பு குறையாது. லெவல், வடிகால், சுவர், படிக்கட்டு என்று வரும்போது தெரிந்தவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இஸோலா என்ற இந்திய லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட்கள் சங்கம் 2003 முதல் இயங்குகிறது. அவர்கள் நடத்தும் கூட்டங்களுக்குப் போய் வந்தால் தொடர்பு கிடைக்கும்.

இன்னொரு வேண்டுகோள். உங்களைப் போன்றவர்களை ஆர்க்கிடெக்சர் கல்லூரிகள் விருந்தினர் விரிவுரைக்குக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் மறுக்காதீர்கள்.

நன்மங்கலத்தான்

எல்லாருக்கும் நன்றி. மேடம் எழுதியதைப் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை நாவலூரில் நான் முதன்முதலாகச் செய்த குடியிருப்பு வளாகத்துக்குப் போனேன். நீர்மருது நான்கும் நன்றாக வளர்ந்து நிற்கின்றன. குழந்தைகள் அதற்கடியில்தான் சைக்கிள் ஓட்டுகிறார்கள். மகிழம் வரிசை முழுக்க இல்லை. பார்க்கிங் போதவில்லை என்று எடுத்துவிட்டார்களாம். செக்யூரிட்டி அண்ணன் ஒவ்வொரு மரத்துக்கும் என்ன நடந்தது என்று வரிசையாகச் சொன்னார். படமெல்லாம் எடுத்துக்கொண்டேன்.

கல்லூரியில் வெளிவேலைக்கு அனுமதி உண்டு என்று எழுத்தில் கொடுக்கிறார்கள். நேர்காணலில் இருபது நிமிட மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். எதை எடுக்கலாம்?

புங்கமரத்தடி

அந்த மகிழம் வரிசையை எடுங்கள். ஸ்லைடு நாலைந்து போதும்: உங்கள் பிளான், நட்ட அன்றைய படம், இன்றைய படம், பக்கத்தில் வளாகத்தின் கார் எண்ணிக்கை அன்றும் இன்றும். பிறகு மார்க்கரை அவர்கள் கையில் கொடுத்து "இந்த 2.5 மீட்டர் அகலத்தில் காரையும் மரத்தையும் எப்படி வைப்பீர்கள்" என்று போர்டில் வரையச் சொல்லுங்கள். தேர்வுக்குழுவில் உட்கார்ந்திருப்பவர்களும் ஆர்க்கிடெக்ட்கள்தான், எழுந்து வரைய வருவார்கள். டியூப் லெவல் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஹார்டுவேர் கடையில் பத்து மீட்டர் குழாயாகக் கேட்டால் வெட்டிக் கொடுப்பார்கள்.